மாப்பிள்ளை விரட்டிய எறும்புகள்

ஊரில் அவளுக்கு எறும்பம்மா என்று பெயர். நேரில் அப்படிக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளுடைய முந்திரித் தோப்பில் ஒரு சொட்டு மருந்து விழுந்ததில்லை. பூவின் சாற்றை உறிஞ்ச வரும் பூச்சிகளை, இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளே பிடித்துத் தின்றுவிடும். அவை போய்வர மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருந்தாள். தோப்பை ஒட்டிய கொட்டகையில் கொட்டையை வேகவைத்து உடைப்பதும் பருப்பை உலர்த்துவதும் அவளும் மகளும்தான். உடைத்த ஓடு அடுப்புக்கு, பழச்சக்கை மரத்துக்கு எரு. அங்கே வீணாவது அவள் வாயிலிருந்து வரும் திட்டு மட்டும்தான். அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மகளுக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. மாமியார் வீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளை தையல்காரர், சும்மா இருக்கத் தெரியாதவர். தோப்பு பூத்துக் கிடந்த நேரம். அம்மாவும் மகளும் பருப்பு மூட்டையோடு சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள், நீளக் கழியில் பந்தம் கட்டி, கூடு ஒன்று விடாமல் பொசுக்கிவிட்டார்.

“அத்தை, இனிமே தைரியமா நடங்க. கடிக்க ஒண்ணுகூட இல்ல!”

எறும்பம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எறும்பு இல்லையென்றால் பூ கருகும். பூ கருகினால் இந்த வருடம் கொட்டகையில் அடுப்பு எரியாது. திட்டு தொண்டை வரை வந்தது. புது மாப்பிள்ளை ஆயிற்றே என்று விழுங்கிக்கொண்டாள்.

“நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சீங்க மாப்பிள்ளை. ஆனா தோப்புக்குக் காவலே அதுங்கதான்.”

அவர் முகம் வெளிறிப் போனது. “வேற எங்க கிடைக்கும் அத்தை?”

“ஆத்தங்கரைப் பெரிய மரத்துல இருக்கும். ஒரே மரத்துக் கூடாப் பார்த்து எடுக்கணும், இல்லன்னா ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். விடுங்க, நான் போறேன்.”

அவர் விடவில்லை. மறுநாள் விடிந்ததும் கோணிப்பையோடு கிளம்பிவிட்டார். எறும்பு ஏறாமலிருக்கக் கைகாலில் சாம்பல் பூசிக்கொள்ளும்படி எறும்பம்மா சொன்னதை மட்டும் மறந்துவிட்டார். ஒரு கண் வீங்கி மூடிய நிலையில் குதித்துக் குதித்து வந்தவரைப் பார்த்து மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“நானும் தையல்காரன், அதுவும் தையல்காரன். ஊசி அதுங்களோடதுதான் கூர்மை!” என்றார்.

கூடுகளை மரங்களில் கட்டிவிட்டு மூவரும் அண்ணாந்து நின்றார்கள். எறும்புகள் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளேயே போய்விட்டன. எறும்பம்மா கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தாள். வெயில் ஏறிய பிறகுதான் ஒன்று கயிற்றில் கால் வைத்தது. பின்னாலேயே ஒரு வரிசை கிளம்பியது.

“அத்தை, வந்துடுச்சு!” என்று துள்ளிய மாப்பிள்ளையின் கழுத்தில் ஒன்று கடித்தது. அடிக்கக் கை ஓங்கியவர் சட்டென்று நிறுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு அதை விரலில் ஏற்றி, பதமாகக் கிளையில் இறக்கிவிட்டார்.

எறும்பம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் பக்கம் திரும்பி, “இனிமே நான் எந்த ஊருக்குப் போனாலும் நிம்மதியாப் போவேன்டி. தோப்பைப் பார்த்துக்க ஆள் வந்தாச்சு,” என்றாள்.