மிளகாய்த்தூள் டின்னுக்குள் இருந்த திறப்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தென் லண்டனில் ஒரு பொலிஸ் நிலையத்தில், துவக்குக்கு, அதாவது துப்பாக்கிக்கு, லைசன்ஸ் கொடுக்கும் பிரிவில் கிளார்க்காக இருந்தேன். யூனிபோர்ம் கிடையாது. வருகிற விண்ணப்ப ஃபோம்களைச் சரிபார்ப்பது, அதிகாரி வீடு பார்க்கப் போக நாள் குறிப்பது, ஃபைல் அடுக்குவது, இவ்வளவும்தான் வேலை. என் சொந்தக்காரர்களோ நான் இடுப்பில் துவக்கோடு திரிவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருடத்தில் நான் ஒரு துவக்கைத் தொட்டதுகூட இல்லை.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் ஷொட்கன் என்கிற வேட்டைத் துவக்குக்கான சட்டம் இறுகியிருந்தது. வேறு யாரும் எடுக்க முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும். அதைப் பார்க்க எங்கள் அதிகாரி வீட்டுக்கே போவார். இரும்பு அலுமாரி சுவரோடு இறுக்கியிருக்கிறதா, அதன் திறப்பு, அதாவது சாவி, எங்கே வைக்கப்படுகிறது, இரண்டையும் பார்ப்பார். திறப்பு இருக்குமிடம் லைசன்ஸ்காரருக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். மனைவிக்குச் சொன்னாலும் தவறு.

இப்போது கவுன்சிலிலும் ஆஸ்பத்திரியிலும் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

1. நான் போட்ட டிக்

கனகரத்தினம் அண்ணை எங்கள் நிலையத்துக்கு உட்பட்ட ரூட்டிங்கில் இருந்தார். தொழிற்சாலை வேலை. அவருடைய ஃபோர்மன் ஞாயிற்றுக்கிழமைகளில் கென்ற் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், பயிரை அழிக்கிற காட்டுப் புறாக்களைச் சுடுகிறவர். ஒருநாள் இவரையும் கூட்டிப்போனார். அண்ணைக்கு ஆசை பிடித்துவிட்டது. ஷொட்கன் வாங்க விண்ணப்பித்தார். ஃபோமை நிரப்பியது அவருடைய மகன் சுதன். பதினைந்து வயது. எழுத்து அச்சடித்ததுபோல இருந்தது.

வீடு பார்க்க நாள் குறிக்க ஃபோன் எடுத்தேன். சுதன்தான் பேசினான்.

"அப்பாவுக்கு இங்கிலிஷ் பெரிசா வராது அங்கிள். நான் வீட்டிலை நிப்பன். எல்லாம் நான் சொல்லிவிடுறன்."

வீடு பார்க்கும் அதிகாரியின் பெயர் நைஜல். நல்ல மனிதர். "நீயும் வாவன், உன்ரை ஆக்கள்தானே?" என்று கேட்டார்.

எனக்கு எரிச்சல் வந்தது. அந்த நிலையத்துக்கு மண்ணிறத் தோலோடு யார் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை ஒரு குஜராத்திக் கிழவரோடு பேசச் சொன்னார்கள். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தோம். பதவி உயர்வுக்கு நான் மனுப் போட்டிருந்த நேரம் அது. கிளார்க் என்று எடுத்துவிட்டு மொழிபெயர்ப்பாளனாக இழுத்தடிக்கிறார்கள் என்ற கோபம்.

"மகன் இருக்கிறான். என்னைவிட நல்லா இங்கிலிஷ் கதைப்பான்," என்றேன். 'மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

நைஜல் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அண்ணையின் மனைவி சுத்த சைவம். புறா இறைச்சியைக் குசினிக்குள் விடமாட்டார். ஆகையால் அண்ணை பின்வளவு ஷெட்டில் ஒரு காஸ் அடுப்பும் தனிச் சட்டியும் தனி மிளகாய்த்தூள் டின்னும் வைத்துத் தானே சமைப்பார். அலுமாரித் திறப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அந்த டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தார். மனைவி அதைத் தொடவே மாட்டார். "இவ்வளவு நல்ல இடம் நான் எங்கேயும் பார்க்கேல்லை," என்றார் நைஜல். அண்ணைக்கு லைசன்ஸ் கிடைத்தது.

2. ஒரு சனிக்கிழமை

ஒன்பது மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சுதன் துவக்கை எடுத்திருக்கிறான். பள்ளிக்கூடத் தோழன் ஒருவனுக்குக் காட்ட. காட்ரிஜ் தோட்டாவைப் போட்டுப் பார்த்திருக்கிறான். வெடித்துவிட்டது. தோழனுக்கு ஒன்றும் இல்லை. சுதன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

அலுமாரிப் பிடியில் மிளகாய்த்தூள் ஒட்டியிருந்தது. திறப்பு எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகம் இல்லை. அவனுக்கு யார் சொன்னது என்பதுதான் கேள்வி. தகப்பன் சொல்லியிருந்தால், அல்லது பிள்ளை பார்க்க எடுத்து வைத்திருந்தால், அவர்மேல் வழக்கு. ஒருவருக்கும் சொல்லவில்லை என்று அண்ணை திரும்பத் திரும்பச் சொன்னார். விசாரித்தவர்கள் நம்பவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் பொய்யராகவும் ஆகிக்கொண்டிருந்தார்.

லைசன்ஸைத் திரும்ப எடுக்க நைஜல் போனபோது, கேட்காமலே நானும் காரில் ஏறினேன். வீட்டில் அக்கா, அண்ணையின் மனைவி, சுவரோடு இருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்து, "திறப்பை விடுங்கோ தம்பி. துவக்கு ஏன் இந்த வீட்டுக்கு வந்தது எண்டு இவரைக் கேளுங்கோ," என்றார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "சத்தியமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை தம்பி. இவவுக்கும் தெரியாது. உங்கடை வெள்ளைக்காரருக்கு மட்டும்தான் சொன்னனான்."

"அவருக்குத் தமிழ் தெரியாதே அண்ணை. எப்பிடிச் சொன்னீங்கள்?"

"சுதன்தான் அவருக்கு..."

அவர் நிறுத்திவிட்டார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. திறப்பு எங்கே என்று நைஜல் கேட்டார். பிள்ளை தமிழில் கேட்டான். தகப்பன் சொன்னார். பிள்ளை இங்கிலிஷில் சொன்னான். சட்டம் யாருக்குத் தெரியக் கூடாது என்றதோ, அவனை வைத்தே நாங்கள் கேட்டு எழுதியிருக்கிறோம். நைஜல், அண்ணை, நான், மூன்று பேரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த வீட்டில் பாங்க் கடிதமும் டொக்டர் பேச்சும் இமிகிரேஷன் தாளும் எல்லாம் சுதன் வழியாகத்தான் போகும். அவன் அங்கே இருப்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

3. ஸ்டேட்மென்ட்

காரில் நைஜலிடம் சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"ஸ்டேட்மென்ட் எழுதினா அது உன்னிலையும் என்னிலையும்தான் வந்து விழும்," என்றார்.

"எழுதாட்டி அந்த மனிசனிலை விழும்."

வண்டியைத் திரும்பக் கிளப்பினார். "அப்ப ரெண்டு பேரும் எழுதுவம்," என்றார். அவரை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

எழுதினோம். அண்ணைமேல் வழக்குப் போடவில்லை. இறப்பு விசாரணையில் விபத்து என்றார்கள். நைஜலை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். என் பதவி உயர்வு மனு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

விசாரணை முடிந்து வெளியே வரும்போது அண்ணையின் கையைப் பிடித்து, "பிழை முழுக்க எங்கடை அண்ணை. நான் அண்டைக்கு வந்திருந்தால் உங்கடை பிள்ளை இருப்பான்," என்று அழுதுவிட்டேன். பொலிஸ் நிலையத்து ஆள் அப்படி அழக் கூடாது.

அவர் அழவில்லை. "உங்கடை பங்கை நீங்கள் எடுங்கோ தம்பி. என்ரை பங்கையும் தூக்கிக்கொண்டு போகாதேங்கோ. அவனை அறைக்கு வெளியாலை போ எண்டு சொல்லியிருக்க வேண்டியது நான். நான்தானே தகப்பன்," என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் தமிழ் வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் நானும் போனேன். எந்த மொழி வீடானாலும் பிள்ளையை வைத்துப் பேசக் கூடாது என்று எழுதிக் கேட்டு, ஒருவாறு அதை எங்கள் பிரிவின் விதியாக்கினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பிள்ளையிடம் கேட்டால் வேலை சுருக்காக முடியும். அந்தச் சுருக்கத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

திறப்புப் பேச்சு வந்ததும் பிள்ளைகளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொல்வேன். சில தகப்பன்மாருக்குக் கோபம் வரும். ரூட்டிங்கிலேயே ஒருவர் எழும்பியே நின்றுவிட்டார். "என்ரை பிள்ளையளுக்குத் தெரியாத விஷயம் இந்த வீட்டிலை ஒண்டும் இல்லை," என்றார்.

"இந்த ஒண்டாவது தெரியாமல் இருக்கட்டும் அண்ணை," என்று சொல்லி, நானே போய்க் கதவைச் சாத்தினேன்.