அப்பா தோணி வலித்த வருடம்

ஓட்டப் போட்டிக்குப் பழகும் என் மகன் கால்களில் தைலம் பூசிக்கொண்டிருந்தான். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நான் வளர்ந்த நாவற்குடா வீடும் அப்பாவும் நினைவுக்கு வந்து எரிச்சல் பற்றிக்கொண்டது.

வருடப் பிறப்புத் தோணிப் போட்டிக்காக அப்பா காலையும் மாலையும் வாவியில் தோணி வலித்துப் பழகிவிட்டு வந்து, தோள்களில் இதே தைலத்தைப் பூசிக்கொள்வார். முதலில் வேகம் கூடியது. பிறகு நித்திரை போனது, சோறு இறங்கவில்லை, தொட்டதற்கெல்லாம் எங்கள் மீது சீறினார். தோணியும் வரவர மெதுவானது. பழக்கம் போதவில்லை என்று அவர் இன்னும் கூட்டினார்.

"படுத்திருந்தாலும் நெஞ்சு படபடக்குது எண்டு நீங்கதானே சொன்னீங்க. ரெண்டு நாள் சும்மா இரிங்க" என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

"போட்டி முடியட்டும், இரிக்கன்."

போட்டியன்று பாதி வழியில் கை ஓய்ந்து, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த தோணிகளெல்லாம் அவரைக் கடந்துபோயின. வீட்டுக்கு வந்தவரை அம்மா தேற்றவில்லை. பாயை விரித்துப் போட்டுவிட்டுக் சமைக்கக் குசினிக்குள் போய்விட்டார்.

நான் மகனிடம் கேட்டேன்: "ராவைக்கு நித்திரை வருதா, மனே?"

"இல்லம்மா. முந்தி ஓடின தூரத்துக்கு இப்ப கூட நேரம் எடுக்குது. நாளைக்கு இன்னும் ஓடணும்."

அம்மாவால் புருசனைத் தடுக்க முடியவில்லை. இவன் நான் பெற்ற பிள்ளை. வெளிக்கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டேன்.