எட்டாம் பாடம்: உங்கள் வேலை என்ன?

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: பாதி தெரிந்த மொழியில் யாராலும் பொய் சொல்ல முடியாது, அதற்கு வேண்டிய வார்த்தைகள் கையில் இருக்காது.

நீங்களும் எங்காவது ஒரு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எதிரே இருப்பவர் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றதும் சொந்தப் பெயரே மறந்துபோய் விழித்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேட்கிறவளுக்கும் உள்ளே உதறல்தான் என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

தில்லி கோல் மார்க்கெட்டில் ஒரு இனிப்புக் கடைக்கு மேலே எங்கள் வகுப்பு. சனி, ஞாயிறு மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை. போன குளிர்காலத்தில் நாலே பேர். அறைக்குள் விரல் விறைத்துப்போனதால் பாய்களைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டோம். கீழேயிருந்து ஜிலேபி பொரிகிற நெய் வாசனை வரும். மேலே மூட்டத்தில் வடிகட்டிய வெயில், போர்த்திக்கொள்ளலாம் போல இருக்கும். மடியில் வேர்க்கடலை. அந்த வெயிலில் எந்த இலக்கணமும் பாதித் தூக்கத்தில்தான் நடக்கும். புத்தகத்தில் எட்டாம் பாடம் வேலையைப் பற்றியது. படத்தில் டை கட்டிய ஒருவர் கண்ணாடி ஜன்னலோரம் நின்று தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வாரத்தில் முடிக்க வேண்டிய பாடம். எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

படத்தில் இருந்தவர்

கொளஞ்சிக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து அரசுக் குடியிருப்பில் நாலு வீடுகளில் வேலை செய்தாள். இந்தி கடகடவென்று வரும். இங்கிலீஷ் எதற்கு என்று கேட்டேன். தூதரகத்தில் வேலை பார்க்கிற வெளிநாட்டுக்காரர் வீடுகளுக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கே வாரத்துக்கு ஒருநாள் லீவு என்றாள். 'லீவு' என்பதை, போய்ப் பார்த்திராத ஓர் ஊரின் பெயர் மாதிரி மெதுவாகச் சொன்னாள். ஒரு வீட்டில் விட்டால் மற்ற மூன்று வீட்டில் விடமாட்டார்கள். ஆறு வருஷமாக அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. மத்தியானப் பாத்திரத்துக்கும் சாயங்காலச் சமையலுக்கும் நடுவே கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில்தான் வகுப்புக்கு வந்தாள்.

முதல் நாள், "வாட் இஸ் யுவர் ஜாப்?" என்று எல்லோரையும் கேட்டேன். அவள் முறை வந்தபோது, சங்கடப்படுவாளோ என்று நானே ஒரு கௌரவமான பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. படத்தில் டை கட்டியவர்மேல் விரலை வைத்து, "இவருக்கு எத்தினி ஆபீஸ் மேடம்?" என்று கேட்டாள். ஒன்றுதான் இருக்கும் என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்:

"ஹீ, ஒன் ஆபீஸ். மீ, ஃபோர் ஆபீஸ்."

ஒன்பதாவது மாடி

புவன் சிங் இமயமலைப் பக்கம், கட்வால்காரர். ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தில் இருபத்தைந்து வருஷமாக லிஃப்ட் இயக்கினார். இப்போது தானே பேசுகிற லிஃப்ட் வரப்போகிறது. அவரைத் தபால் பதிகிற பிரிவுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். உறைமேல் இருக்கிற இங்கிலீஷ் விலாசத்தைப் படிக்க வேண்டுமே என்று பயந்து எங்களிடம் வந்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள், அப்புறம் 'அப்', 'டவுன்'.

'கேரியர்' என்றால் என்ன என்று விளக்க, பலகையில் ஓர் ஏணி வரைந்தேன். மேலே மேலே போவது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே இந்தியில் பேச ஆரம்பித்தார். இரண்டாம் மாடி என்று கூச்சத்தோடு சொன்ன பையன்கள், சில வருஷத்தில் ஆறு என்பார்களாம். நரை விழும் சமயத்தில் ஒன்பது. யாருக்கு என்ன பதவி என்பதை அவர் பொத்தானில் இருந்தே தெரிந்துகொள்வாராம். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து இங்கிலீஷில் முடித்தார். "எவ்ரிடே ஐ கோ நைன்த் ஃப்ளோர், மேடம். பட் ஐ டோன்ட் ஸ்டே."

ஏணியை அழித்துவிட்டேன். மார்ச்சில் அவரைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அது தரைத்தளம். வருத்தமாக இருக்கிறாரோ என்று போன் செய்தேன். குரலில் அப்படி ஒரு ஆச்சரியம்:

"விண்டோ இஸ் தேர், மேடம்! ஒன் ட்ரீ ஆல்சோ!"

பலவீனம் என்ன?

சுடலைமுத்து சார் திருநெல்வேலிக்காரர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம். ஆர்.கே.புரத்தில் மகன் குவார்ட்டர்ஸில் இருந்தார். ஒரு ஷாப்பிங் மாலில் செக்யூரிட்டி சூபர்வைசர் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தார். அவர் "யெஸ், மேடம்!" என்றால் தண்ணீர்த் தொட்டிமேல் இருக்கிற புறாக்கள் எல்லாம் எழும்பிவிடும்.

"உங்கள் பலவீனம் என்ன?" என்று எல்லா இன்டர்வியூவிலும் கேட்பார்கள். 'நான் அளவுக்கு மீறி உழைப்பேன்' என்று பலத்தையே பலவீனம் மாதிரி சொல்லிவிட வேண்டும் என்பது புத்தகத்தின் யோசனை. "அது பொய்லா மேடம்? நான் எப்படிச் சொல்லுவேன்?" என்று மறுத்துவிட்டார். இரண்டு வாரம் யோசித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே எழுந்து நின்று சொன்னார். "மார்னிங் ஃபோர் ஓ க்ளாக் ஐ கெட் அப். ஐ ஷேவ். ஐ வேர் ஷூ. தென் ஐ சிட். நோ ஆர்டர் கமிங், மேடம்." நான் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. இருந்ததுதான், ஆனால் மனசு வரவில்லை.

வயதைக் காரணம் காட்டி அந்த மாலில் அவரை எடுக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுப் பாயைத் தட்டிப் போட்டார். "சார், இனிமேல் எல்லோரையும் நேரத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது உங்கள் பொறுப்பு" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை நான் மாடியேறி வந்தபோது செருப்புகள் ஒரே கோட்டில் இருந்தன. பாய்கள் மூலை பிசகாமல் இருந்தன. அவர் விறைப்பாக நின்று அறிக்கை கொடுத்தார்:

"ஆல் ப்ரெசென்ட், மேடம். புவன் சிங் ப்ரெசென்ட், பட் ஸ்லீப்பிங்."

தலை நிமிராத ஆபீசர்

ஞானசேகரன் தஞ்சாவூர்க்காரர். ஏதோ ஒரு மந்திரி அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசர். இங்கிலீஷில் அவர் எழுதுகிற குறிப்பைப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கும், அவ்வளவு சுத்தம். வாயைத் திறந்தால் ஃபைல்தான் பேசும். ஆரஞ்சுப் பழம் வேண்டுமென்றால், "ஒன் ஆரஞ்ச் மே கைண்ட்லி பி ஃபார்வர்டட்" என்பார். மனைவியும் பெண்ணும் ஊரில். தெற்கே மாற்றல் கேட்டு ஏழு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். ஏழு வருஷமும் பரிசீலனையில் இருந்தது. இப்போது புதிதாக வந்திருக்கிற ஆபீசர், எழுதாதே, நேரில் வந்து சொல் என்கிற ரகம். அதுதான் அவருக்கு வந்த ஆபத்து.

வகுப்பில் ஒத்திகை வைத்தோம். ஆபீசராக யார் நடிப்பது? புவன் சிங் மெல்லக் கையைத் தூக்கினார். இருபத்தைந்து வருஷம் ஆபீசர்களை இரண்டடி தூரத்தில் பார்த்தவர். காலியான உள்ளங்கையை போன் மாதிரி பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே "யெஸ்?" என்றார். ஞானசேகரனுக்கு நிஜமாகவே வியர்த்துவிட்டது. நாலு வாரம் நாலு பக்கம் பேசிப் பார்த்தார். கடைசியில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரு வரி வைத்துக்கொண்டார். "சார், ஐ வான்ட் டு கோ ஹோம்."

அந்த ஆபீசர் நிமிர்ந்து பார்த்தாராம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாராம். பத்து நாளில் திருச்சிக்கு உத்தரவு வந்தது. கையில் அதை வைத்துக்கொண்டு, சந்தோஷமா கோபமா என்று தெரியாத முகத்தோடு அவர் சொன்னார்:

"வாயால கேட்டா கிடைக்கும்னு இத்தனை வருஷத்துல ஒரு சர்குலர்கூட வரலையே மேடம்!"

எதிர் நாற்காலி

ஒருநாள் அவர்களுக்கு விபரீத ஆசை வந்தது. மேடத்தை நாம் இன்டர்வியூ செய்தால் என்ன? சுடலைமுத்து சார் நாற்காலியைத் துடைத்துப் போட்டு "சிட் டவுன், ப்ளீஸ்" என்றார். நாலு பேரும் பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது, கொளஞ்சி, "ஒய் யூ லெஃப்ட் லாஸ்ட் ஜாப்?" என்று கேட்கும்வரை. நான் சொல்லிக்கொடுத்த கேள்விதான் அது.

'சொந்தக் காரணங்களுக்காக' என்று பதில் சொல்லச் சொல்லி நூறு பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். என் வாயில் அது வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்து ஒன்பது வருஷம் கன்னாட் ப்ளேசில் ஒரு டிராவல் கம்பெனியில் இருந்தேன். ஒரு பெண்ணைக் கூட்டிவந்து, வேலை கற்றுக்கொடு என்றார்கள். கற்றுக்கொடுத்தேன். மூன்றாம் மாதம் அவள் எனக்கு மேலதிகாரி. நான் சண்டை போடவில்லை. ஒரு மத்தியானம் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். எதிர்ப் பூங்காவின் புல்வெளியில் வெயில் சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போகவே இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை, அதனால் வேலையை விட்டேன் என்று வீட்டாரிடம் சொன்னேன். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவையும் அந்த மொட்டைமாடியில் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். தமிழ் தெரியாத புவன் சிங்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினேன். கொளஞ்சி தன் முந்தானையை என் கையில் கொடுத்துவிட்டு, குரலைக் கொஞ்சமும் தளர்த்தாமல் சொன்னாள்:

"இங்கிலீஷ்ல சொல்லுங்க மேடம், இன்டர்வியூ நடக்குதில்ல?"

ஒரு நாள்

கொளஞ்சிக்குப் பிப்ரவரியில் அழைப்பு வந்தது. சாணக்யபுரியில் ஒரு வெளிநாட்டு அம்மாவின் வீடு. அவள் ஒரு வாக்கியம் கட்டாயம் சொல்லியாக வேண்டும். "ஐ நீட் ஒன் டே ஆஃப் எவ்ரி வீக்." 'ஒன்' வரைக்கும் வரும். 'டே ஆஃப்' என்கிற இடத்தில் குரல் தரையோடு போய்விடும். சுடலைமுத்து சார் அவளை மாடியின் அந்தக் கோடியில் நிறுத்தி, இந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்தச் சொன்னார். பத்தாவது தடவை, பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மனிதர் பொறுக்க மாட்டாமல் எங்களைப் பார்த்து இந்தியில் கெஞ்சினார், அந்தம்மாவுக்கு லீவைக் கொடுத்துத்தான் தொலையுங்களேன் என்று.

நடந்ததை மறுவாரம் அவளே சொன்னாள். அந்த அம்மா கணவரோடு தில்லிக்கு வந்து இரண்டு மாதம்தானாம். கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் நோட்டைப் பார்த்துக்கொண்டாராம். "யூ... குக்... ரைஸ்?" என்று தடுமாறி வந்ததும்தான் கொளஞ்சிக்கு விஷயம் புரிந்ததாம்: இவரும் இங்கிலீஷ் படிக்கிற ஆள்! பயம் போய்விட்டது. வாக்கியத்தை முழுசாகச் சொன்னாள். அந்த அம்மாவுக்கு 'டே ஆஃப்' புரியவில்லை. நோட்டிலும் இல்லை. கொளஞ்சி பேனாவை வாங்கி ஏழு கட்டம் போட்டு, ஒன்றை மட்டும் காலியாக விட்டு மற்ற ஆறிலும் கோடு இழுத்தாள். "அச்சா" என்றாராம் அந்த அம்மா. பிறகு காலிக் கட்டத்தைத் தொட்டு, அன்றைக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். அதை நாங்கள் ஒத்திகை பார்க்கவே இல்லை. "ஆறு வருசமாச்சில்ல மேடம், எனுக்கே தெரியல. ஐ டோன்ட் நோன்னு சொல்லிட்டேன்." அந்த அம்மா, தன் ஊரில் தான் நர்சாக இருந்ததாகவும், இங்கே எல்லா நாளும் லீவுதான், என்ன செய்வதென்று தனக்கும் தெரியவில்லை என்றும் துண்டு துண்டாகச் சொன்னாராம். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தாள்.

முதல் லீவு ஞாயிறு அன்று கொளஞ்சி சலவைப் புடவை கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியாக மேலே வந்தாள். அவளுக்குப் பின்னால் படியில் நின்று, வெள்ளைத் தலைமுடியோடு உயரமான ஒரு பெண்மணி ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சி என் காதருகே வந்து சொன்னாள்:

"பகல் பூரா சும்மா உக்காந்துனு இருக்காங்க மேடம், பாவம். இன்னொரு பாய் போடலாமா?"

வேலையைப் பற்றி இங்கிலீஷில் பேசச் சொல்லிக்கொடுப்பது எனக்கு நன்றாகவே வருகிறது, பேசுவதைக் கேட்டுவிட்டு இலக்கணத்தை மட்டும் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இன்னும் பழகவில்லை.