குடிவராத வீட்டுக் கோலம்

சீனித்தாய் பிறந்தது விளாத்திகுளம் பக்கம். தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரினாள். புருஷன் போய்ச் சேர்ந்தான். காலில் வந்த புண்ணும் ஆறவில்லை. புறவழிச்சாலை ஓரத்து முத்துச்சிப்பி கார்டனில் காவல் வேலைக்குச் சேர்ந்தாள். கார்டன் என்று பேர்தான், வேலிக்கருவையைத் தவிர ஒரு செடி கிடையாது. முப்பத்து நாலு வீட்டில் மூன்றில்தான் ஆள். கேட் பக்கத்து ஒற்றை அறையில் அவள் இருந்தாள். வேலை போனால் அந்தக் கூரையும் போகும்.

வீடு விற்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். அதைக் கட்டிய முதலாளி செந்தில்வேலுக்கு மட்டும் தெரியாது. உள்ளூர் கேபிள் டி.வி.யில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து, "மார்க்கெட் படுத்துட்டுன்னு சொல்லுதவன் பொறாமை பிடிச்சவன். நம்ம கார்டன்ல ரெண்டே வீடுதான் மிச்சம்" என்றார். மறுநாள் காலையிலேயே கோலமாவு மூட்டையோடு வந்து இறங்கினார். தினமும் எல்லா வாசலிலும் கோலம் போடவேண்டுமாம்.

பால் காய்ச்சாத வீட்டு வாசலில் கோலம் போடச் சீனித்தாய்க்குக் கை கூசியது. ஆனாலும் போட்டாள், வயிறு ஒன்று இருக்கிறதே. ஆள் புழங்கும் வீட்டில் பத்து மணிக்குள் கோலம் கலைந்துவிடும். இங்கே சாயங்காலம்வரை போட்டது போட்டபடி கிடந்தது. செந்தில்வேல் கண்ணில் அதுவும் பட்டுவிட்டது. ஆம்பளைச் செருப்பு, பொம்பளைச் செருப்பு, பள்ளிக்கூடப் பிள்ளையின் ஷூ என்று ஒரு பை நிறையப் பழசாகக் கொண்டுவந்தார்.

"ஏளா, இதுகளப் போட்டு மிதிச்சு விடு."

மிதித்தாள். பிள்ளை ஷூவைக் கையில் மாட்டி அழுத்தினாள். முப்பத்தொரு குடும்பமும் அவள் ஒருத்தியே ஆனாள். அந்த வெட்கக்கேட்டை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காயல்பட்டினத்திலிருந்து சக்கீனா வந்தாள். மகள்களின் படிப்புக்காக வீடு தேடினாள். செந்தில்வேல் வாசல் வாசலாகக் காட்டினார்.

"பாத்தியளா, கோலமும் கால்தடமுமா இருக்கு. எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருக்காவ."

சக்கீனா சீனித்தாய் பக்கம் திரும்பினாள். "அக்கா, புள்ளையளோட வாப்பா துபாய்ல. நானும் ரெண்டு பொட்டப்புள்ளையும்தான். ஒரு ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிட்டா ஆள் வருமா?"

செந்தில்வேல் முறைத்தார். சீனித்தாய்க்குத் தன் ஒற்றை அறை நினைவுக்கு வந்தது. இந்தப் பொம்பளை, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஆளில்லாத தெரு வீட்டுக்குள் கிடப்பதும் கண்ணுக்குள் வந்தது. ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. பாதி அவர்மேல், பாதி தன்மேல்.

"ஒருத்தரும் வரமாட்டாவ தாயி. கோலம் நான் போட்டது. மிதிச்சதும் நான்தான். வேணும்னா கதவத் தட்டிப் பாருங்க."

"கிறுக்கு பிடிச்சவ, வெளயாட்டுக்குச் சொல்லுதா" என்று சிரித்தார் செந்தில்வேல்.

சக்கீனா சிரிக்கவில்லை. போய்த் தட்டினாள். சாமான் சட்டு இல்லாத வெறும் வீடு உள்ளே எதிரொலித்தது. அடுத்த வீட்டுக் கதவையும் தட்டினாள். ஏழாவது கதவோடு நிறுத்திக்கொண்டு, சீனித்தாயின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டுக் காரில் ஏறிப் போனாள்.

"நாளையில இருந்து உனக்கு இங்கன வேலை இல்ல. ரூமைக் காலி பண்ணு!"

"பண்ணுதேன் அண்ணாச்சி. வேற ஒருத்திய வைப்பிய, அவளும் போடுவா, மிதிப்பா. நான் கேட்டுக்கு வெளிய கடலைத் தட்டோட உக்காந்திருப்பேன். ரோடு ஒண்ணும் உங்க அப்பன் வீட்டு ரோடு இல்ல. கார்ல வாரவுககிட்ட எல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன், கதவத் தட்டிப் பாருங்கன்னு."