மாப்பிள்ளை நடந்து வந்த வீடியோ

சென்ற வாரம் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்கு வீடியோ பார்க்கப் போனேன். அதுவும் இத்தா இருக்கும் வீட்டுக்கு.

கூப்பிட்டது ஜெஸீமா ராத்தா. அவருடைய கணவர் மௌத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பக்கவாதம் வந்து காலை இழுத்து இழுத்து நடந்தார். பிறகு அதுவும் இல்லாமல் வருடக்கணக்கில் கட்டிலோடு கிடந்தார். இத்தாக் காலம் முடியும்வரை ராத்தா வெளியே போவதில்லை. பெண்கள் நாங்கள்தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.

வீடியோ அவர்களுடைய கல்யாணத்தில் எடுத்தது. ஜப்பானில் இருந்து லீவில் வந்திருந்த ராத்தாவின் மாமா மகன், தன் கேமராவில் எடுத்துத் திரும்பக் கொண்டுபோய்விட்டார். மௌத்துச் செய்தி கேட்ட பிறகு கசட்டைத் தேடிப் பிடித்து, கம்ப்யூட்டருக்கு மாற்றி அனுப்பியிருக்கிறார். அது வீட்டு டிவியில் ஓடவில்லை. மகள் றிஸ்னா கல்முனையில் ஒரு வீடியோ கடையில் கொடுத்து, பென் டிரைவில் போட்டு வாங்கி வந்தாள்.

டிவியில் மாப்பிள்ளை ஊர்வலம். பந்தல், மச்சான்மார், மாலையோடு மாப்பிள்ளை. வாசலுக்கு நடந்து வருகிறார். ஆனால் எப்படி வருகிறார்? ஓர் எட்டு வைக்கிறார்... கால் வெட்டுகிறது. அடுத்த எட்டு... மறுபடியும் வெட்டு.

ராத்தா ரிமோட்டை வைத்துவிட்டார்.

"இதுலயும் கால இழுத்து இழுத்துத்தான் வாறாரு புள்ள. கலியாணத்தண்டு அவரு இப்படி இல்ல."



உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணின் சகோதரன் வாசலில் வைத்து அவருடைய காலைக் கழுவி, மோதிரம் போட்டு உள்ளே கூட்டி வருவான். ஊரே நின்று பார்க்கும். பார்க்காதவள் ஒருத்திதான் - மணப்பெண். அவள் உள் அறையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். தன்னிடம் அவர் நடந்து வந்ததை ராத்தா இதுவரை பார்த்ததே இல்லை. முதல்முதலாகப் பார்க்கும்போது இப்படியா?

பத்திரிகையில் பத்தி எழுத வருவதற்கு முன் சில காலம் வீடியோ எடிட்டிங் மேசையில் குந்தியிருந்தவள் நான். நோய் அந்த மனிதரின் காலில் இல்லை, கடையில் செய்த வேலையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

ஜப்பான் கேமரா என்.டி.எஸ்.சி. முறை. விநாடிக்கு முப்பது படம். நம் நாட்டு டிவிகள் பழகியது பால் முறை - குடிக்கும் பால் அல்ல - விநாடிக்கு இருபத்தைந்து. முப்பதை இருபத்தைந்து ஆக்கச் சொன்னால் மெஷின் என்ன செய்யும்? ஆறில் ஒரு படத்தைத் தூக்கி எறிந்துவிடும். சும்மா நிற்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நடப்பவர்தான் மாட்டிக்கொள்வார். எறிந்த படத்தில் இருந்த அசைவு போய்விடும், கால் துள்ளி விழும்.

கடைக்காரருக்கு போன் எடுத்தேன்.

"டிவிக்கெண்டா பால்லதானே குடுக்கணும் மெடம்? நாங்க எப்பவும் அப்படித்தான் செய்யிற."

ஓம், எப்பவும் அப்படித்தான். பழைய டிவிகளுக்கு அது தேவையாக இருந்தது. இன்றைய டிவிகள் பெரும்பாலும் இரண்டையும் தின்னும். டிவி மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை. அவர் மேல் கோபம் வரவில்லை. நாமும் எத்தனை விஷயத்தில் அப்படித்தான் இருக்கிறோம்?

ஜப்பானில் இருந்து வந்த ஃபைலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கும் பழக்கம் விடுமா? நானும் முதலில் பாலுக்குத்தான் மாற்றினேன் - படங்களை எறியாமல், ஒன்றோடொன்று கலக்கிற முறையில். வெட்டு போனது. ஆனால் மாப்பிள்ளைக்கு நாலு கால் தெரிந்தது, முகம் மங்கிவிட்டது. அதை ராத்தாவுக்குக் காட்ட மனம் வரவில்லை.

பிறகுதான் நிதானமாக யோசித்தேன். அந்தக் காலத்து கேமராவில் ஒரு படம் என்பது, அடுத்தடுத்த இரண்டு கணங்களில் எடுத்த இரண்டு அரைப் படம். இரண்டையும் பிரித்து ஒவ்வொன்றையும் முழுப் படமாக்கினால் விநாடிக்கு அறுபது கிடைக்கும். அப்படியே பிரித்தேன். பாலுக்கு மாற்றவே இல்லை. டிவிக்குப் புரியும் ஃபைலாக மட்டும் சேமித்தேன். பழைய டிவியாக இருந்திருந்தால், பாலின் அரைப் படக் கணக்குக்கு அறுபதை ஐம்பது ஆக்கியிருக்கலாம். அதற்கு அசைவைக் கணக்குப் பார்த்து நடுப் படங்களை உண்டாக்கும் மென்பொருள் இருக்கிறது, நேரம்தான் தின்னும்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மறுபடியும் போனேன். றிஸ்னா போட்டாள்.

மாப்பிள்ளை வந்தார். தெருவிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பினார். அவசரமில்லாத, நெஞ்சு நிமிர்ந்த நடை. யாரோ ஏதோ சொல்ல, நடந்தபடியே திரும்பிச் சிரித்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். காலில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரக் காலை எடுத்து உள்ளே வைத்தார்.

ராத்தா சத்தம் போட்டு அழவில்லை. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே இருந்தார்.

நோயில் கிடந்து போனவர்களுக்கு நாம் செய்கிற அநியாயம் ஒன்று இருக்கிறது. எத்தனையோ வருடம் நன்றாக நடந்து திரிந்த மனிதரை, அவருடைய கடைசி நாட்களை வைத்தே ஞாபகம் வைத்துக்கொள்கிறோம்.

"இன்னொருக்காப் போடவா உம்மா?" என்றாள் றிஸ்னா.

"இப்ப வேணா. உன்ட புள்ளைகள் மதரஸாவால வரட்டும். அதுகள் மூத்தாப்பா நடந்து கண்டதே இல்ல."