கிளிமூக்குக் கத்தி வித்த கதை

கத்திக் கடையில நிக்கிறவனுக்கு கத்தியைப் பத்தி எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கவும் தெரியணும். துணிக்கடையோ மருந்துக்கடையோ, கவுண்டருக்குப் பின்னால நின்னு நின்னு கால் வீங்கின எல்லாருக்கும் நான் சொல்றது புரியும்.

இலங்கையில, மாத்தளை டவுன்ல ஒரு ஹாஜியாரோட இரும்புக்கடையில நான் சேல்ஸ்மேன். கண்ணாடி அலுமாரியில ஒரு மடக்குக் கத்தி இருக்கும். அலகு உள்பக்கமா வளைஞ்சிருக்கும், அதனால கிளிமூக்குன்னு பேரு. கொக்கோக் காய் அறுக்க, மிளகுக் கொடி கழிக்க தோட்டக்காரங்க வாங்குவாங்க. மாசத்துக்கு ரெண்டோ மூணோ போகும். அம்பத்தெட்டுல நடந்த சிங்கள-தமிழ்க் கலவரத்துக்குப் பிறகு பாருங்க, மாசத்துல போறது ஒரே நாள்ல போச்சு. கொக்கோ மரத்தைக் கண்ணால காணாதவனெல்லாம் வந்து கேட்டான். மடிச்சா பொக்கட்டுல அடங்கும், விரிச்சா பார்க்கவே பயமா இருக்கும். வேற என்ன வேணும் பயந்தவனுக்கு?

ஆனா அதுல ஒரு சங்கதி இருக்கு. அது தன் பக்கமா இழுத்து அறுக்கிறதுக்குச் செஞ்ச கத்தி. விரிச்ச அலகை நிறுத்தி வைக்கப் பூட்டு கிடையாது, முதுகுல ஒரு வில்லுத் தகடு மட்டும்தான். இழுத்தா நிக்கும். குத்தினா அலகு மடங்கி, பிடிச்சிருக்கிற விரல் மேலேயே வந்து விழும்.

நகம் படணும்

பல்லேபொல பஸ்ஸுல ஒரு கண்டக்டர் இருந்தான், நம்ம ஆளு. ஒரு கிளிமூக்கை வாங்கிட்டுப் போனவன் மூணாம் நாள் கட்டைவிரல் நகம் பிஞ்சு வந்து நின்னான். அலகுல இருக்கிற சின்னக் குழியில நகத்தை வச்சு, ரெண்டு கையாலயும்தான் விரிக்கணும். புதுக் கத்தி வேற, ஜென்மத்துல அசையாது. எண்ணெய் விடுங்க, பழகப் பழக இளகிடும்னேன். அவன் தன் டிக்கட் புத்தகத்தை என் ஒரு கையில குடுத்து, மத்த கையால விரிச்சுக் காட்டச் சொன்னான். என்னாலயும் முடியல. புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டுக் கேட்டான்:

"அப்ப அவன் குத்த வர்றப்ப, 'கொஞ்சம் பொறுங்க தம்பி, இன்னும் நகம் படல'ன்னு சொல்லவாண்ணே?"

ஒரே அலுமாரி முன்னால ரெண்டு பேர்

ஒரு சனிக்கிழமை, எலகடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருத்தர் வந்தாரு. கீழ நாட்டுல, அதான் சிங்களக் கிராமத்துல, இருக்கிறவங்க ராவுல ஏறி வருவாங்களாம், லயத்து வீடுகள்ல பொம்பளைப் பிள்ளைங்க இருக்காம். கத்தி கேட்டாரு. அவர் பக்கத்துல, நாவுலங்கிற ஊர்ல மரக்கறித் தோட்டம் செய்யிற சிங்கள மனுஷன் ஒருத்தர். தோட்டத்து ஆளுங்க இறங்கி வருவாங்கன்னு அவருக்குப் பயம். அவரும் கத்திதான் கேட்டாரு. ஒருத்தர் பேசினது தமிழ், மத்தவர் சிங்களம்; ரெண்டும் எனக்கு மட்டும்தான் விளங்கிச்சு.

சொன்னா நம்ப மாட்டீங்க. கங்காணி நாலஞ்சு கத்தியை எடுத்து, நகத்துல உரசிப் பார்த்து ஒண்ணைத் தனக்கு வச்சுக்கிட்டாரு. மத்தவருக்கு எதை எடுக்கிறதுன்னு தெரியல, முழிச்சுக்கிட்டு நின்னாரு. கங்காணி பாவம் பார்த்து, தனக்கு எடுத்ததை விடக் கூர்மையானது ஒண்ணைத் தேடி அவர் கையில குடுத்தாரு. அந்த மனுஷனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. போறப்ப என்கிட்ட சிங்களத்துல சொல்லிட்டுப் போனாரு:

"நல்ல மனுஷன். இப்படி ஆளுங்க பக்கத்துல இருந்தா நமக்குக் கத்தியே தேவையில்லை."

பயான்

இதெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கல. வர்றவங்ககிட்ட மெதுவா சொல்ல ஆரம்பிச்சேன். இது குத்துற கத்தி இல்லீங்க, உங்க விரலைத்தான் வெட்டும், கதவுக்கு நல்ல தாழ்ப்பாளா ஒண்ணு வாங்கிட்டுப் போங்கன்னு. அப்படி நாலு பேர் வெறுங்கையோட திரும்பினாங்க. அஞ்சாவது ஆளுக்குச் சொல்றப்ப ஹாஜியார் பின்னாலேயே நின்னிருக்காரு.

ஹாஜியார் கெட்டவர் இல்லை. கலவரத்துல எங்க வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பின மனுஷன். எனக்கோ நாலு பிள்ளைங்க. இந்தியாவுல இருந்து வந்த வம்சம்னு பிரஜாவுரிமை இல்லாம, மனு போட்டுட்டுக் காத்திருக்கிறவன், அந்தக் கடையை விட்டா எவன் வேலை குடுப்பான்? அவர் சத்தம் போடல, அதுதான் இன்னும் பயம்.

"இங்க பாருங்க மகன், பயான் பண்ணத்தான் பள்ளிவாசல்ல மௌலவி இருக்காரு. கத்தி விக்க ஏலாதுன்னா சொல்லிப்போடுங்க, வேற ஆள் பார்க்கிறேன்."

தபால் கந்தோர் ஐயா

நாவுல தபால் கந்தோர்ல ஒரு யாழ்ப்பாணத்து ஐயா கிளாக்கரா இருந்தாரு. ஒல்லியான மனுஷன், எழுத்து மட்டும் அச்சுல வார்த்த மாதிரி. என் பிரஜாவுரிமை மனுவை எழுதிக் குடுத்தவரே அவர்தான். ஒரு தேத்தண்ணி கூட வாங்கிக் குடிக்கல.

அவர் ஒரு நாள் கடைக்கு வந்தாரு. எல்லாரும் கொக்கோவுக்கு, மிளகுக்குன்னு பொய் சொல்லுவாங்க, அவர் நேராவே கேட்டாரு. "தம்பி, குவாட்டர்ஸில என்ர மனுசியும் மகளும். ஆரும் கதவை உடைச்சுக்கொண்டு வந்தா நான் என்ன செய்யிறது? நான் ஒரு கோழி கூட அறுத்தறியன். உந்த வில்லுக்கத்தி இறுக்கமா நிக்குமோ?"

ஹாஜியார் மேசையில உக்காந்திருந்தாரு. தலையை நிமிர்த்தக் கூட இல்லை. நான்தான் அந்தப் பக்கம் பார்த்தேன். பார்த்துட்டு, "நிக்கும் ஐயா, நல்ல உருக்கு"ன்னேன். பாவி, எண்ணெய் போட்டுத் துடைச்சு கடதாசியில சுத்தியும் குடுத்தேன். அவர் அதை ரெண்டு கையாலயும் வாங்கினாரு.

"அப்ப சரி தம்பி. இனி அவளுக்கு ஒரு தைரியம் வரும்."

கட்டுப் போட்ட கை

ஒரு மாசம் கழிச்சுத் திரும்ப வந்தாரு. வெளியில மனைவியும் மகளும் டிரங்குப் பெட்டியோட நிக்கிறாங்க. ஐயாவோட வலது கையில மணிக்கட்டு வரைக்கும் கட்டு. யாரு ஐயா வெட்டினாங்கன்னு கேட்டேன்.

யாரும் வெட்டல. பொழுது சாயிற நேரத்துல யாரோ கதவைப் படபடன்னு தட்டியிருக்காங்க. இவர் கத்தியை விரிச்சுக்கிட்டு, தாழ்ப்பாளை எடுத்த கையோட கண்ணை மூடிக் குத்திட்டாரு. வந்தவர் பக்கத்து வீட்டு சிங்களவர். தம்புள்ளைப் பக்கம் திரும்பப் பிரச்சினையாம்னு கேள்விப்பட்டு, மூணு பேரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட வந்திருக்காரு. அவருக்குச் சட்டைப் பட்டன் ஒண்ணு தெறிச்சதோட சரி. கத்தி மடங்கி, ஐயாவோட மூணு விரல் நரம்பும் போச்சு. அந்த மனுஷன்தான் தன் பொக்கட்டுல இருந்த கைலேஞ்சியால கையைக் கட்டி, தன் மரக்கறி லொறியிலேயே மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாராம். புண் ஆறிடும், விரல் மடங்காதுன்னுட்டாங்க. பேனா பிடிக்க முடியாத கிளாக்கருக்குக் கந்தோர்ல என்ன வேலை? ஊருக்குப் போறாரு. சொல்லிட்டுப் போக வந்தாராம், என்கிட்ட!

பிறகு, "தம்பி, குத்தினா மடங்குமெண்டு உமக்கு முதலே தெரியுமோ?"ன்னு கேட்டாரு. கோபம் ஒண்ணும் இல்லை, விலாசம் கேக்கிற மாதிரித்தான் கேட்டாரு. ஹாஜியார் கூட அன்னைக்குக் கடையில இல்லை. "தெரியாது ஐயா"ன்னேன். அவர் இடது கையால என் தோளைத் தட்டினாரு.

"அதுதானே. தெரிஞ்சிருந்தா நீர் சொல்லியிருப்பீர்."

அதுக்குப் பிறகும் பதினாலு வருஷம் அந்தக் கத்தியை வித்தேன்; அது காப்பாத்தின ஒரே ஆளு, வேலை போகாம இருந்த நான்தான்.