கழுகுக்கு வந்த பெரிய திரை

கட்டட வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் அவருக்குக் கழுகு என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாகச் சுவரின் கனத்தில் ஒரு மயிரிழை தப்பினாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். நாற்பத்தைந்து வயதிலும் கண்ணாடி போடாத கண்கள். மனிதர் சேர்த்த சொத்து அதுதான்.

முதலாளி தங்கமான மனுஷர். "உனக்கும் வயசாகுதுப்பா, இனிமே பெருசாப் பாரு" என்று முப்பத்திரண்டு அங்குலத் திரை ஒன்றை வாங்கி அவர் மேசையில் வைத்தார். பழைய இருபத்திரண்டு அங்குலத் திரை வரவேற்பறைக்குப் போயிற்று.

அன்றைக்குப் பிடித்தது சனி. கோடுகளின் ஓரம் பிசிறடித்தது, சின்ன எண்கள் கலங்கின. திரையைத் துடைத்தார், கண்ணைக் கசக்கினார், மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே போனார். கிட்டே போகப் போக இன்னும் மோசம். வேறு யாராவது என்றால் வாய்விட்டுக் கேட்டிருப்பார்கள். இவர் கேட்பாரா? கழுகுக்குக் கண் போயிற்று என்று ஊர் சிரிக்குமே. டாக்டரிடம் போகவும் பயம்.

வீட்டில் மனைவி துணி தைப்பவள். மாலையில் அவள் ஊசியை நீட்டுவாள், இவர் நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டு இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்.

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

மூன்றாம் வாரம் ஒரு கதவின் அளவில் எட்டை ஆறு என்று படித்துவிட்டார். முதலாளி கண்டுபிடித்து, "பரவாயில்லப்பா, விடு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மறுநாள் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரும் வருமுன் அலுவலகத்துக்குப் போனார்.

முதலாளிக்காக வரவேற்பறையில் காத்திருந்தவருக்கு மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒரு தடவை என்று, அங்கிருந்த பழைய திரையில் அந்தக் கதவின் படத்தைத் திறந்தார். எட்டு எட்டாகவே இருந்தது. ஒவ்வொரு கோடும் கத்தியால் கீறியதுபோல் இருந்தது.

அளவுகோலையும் பூதக்கண்ணாடியையும் எடுத்தார். அளந்து பார்க்காமல் எதையும் நம்புகிற ஆள் இல்லையே. படமாகச் சேரும் ஒளிப்புள்ளிகள், பழைய திரையில் ஒரு சென்டிமீட்டருக்கு முப்பத்தொன்பது. ஓடிப்போய்ப் புதியதில் எண்ணினார், இருபத்தேழுதான். இரண்டு திரையிலும் மொத்தப் புள்ளிகள் ஒன்றே. பெரியதில் அவற்றை அகலமாகப் பரப்பி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பழைய திரையருகே உட்கார்ந்த மாதிரியே இதன் அருகிலும் உட்கார்ந்ததால் கோட்டுக்குப் பதில் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாற்காலியை இரண்டு முழம் பின்னால் தள்ளினார். பிசிறு அடங்கிக் கோடு சேர்ந்துகொண்டது.

மனைவிக்குப் போன் போட்டார். "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. போயிடுச்சோன்னு மூணு வாரமா செத்துப் பொழச்சேன்."

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு சொன்னாள்: "ஏங்க, அந்த மூணு வாரமும் தினம் என் ஊசியில நூல் கோத்தது யாரு?"

கழுகு சட்டைப் பையைத் துழாவினார். கைக்கு அகப்பட்டது அந்தக் கடிதம்தான். அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.